வளைவில் டிரக் கவிழ்கிறது, மேட்டு வரிசையில் பின்பக்கம் உதைக்கிறது: எங்கிருந்து தொடங்குவது?

புழுதிவண்டி
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1/10 அளவு ரிமோட் கண்ட்ரோல் ஷார்ட் கோர்ஸ் டிரக். டூ வீல் டிரைவ், பிரஷ்லெஸ் மோட்டார், 2எஸ் லைப்போ பேட்டரி. ஓட்டும் இடம் நன்றாக இறுகிய மண் தரை, நடுவில் ஓரிடத்தில் சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக வரும்.

தொல்லை இரண்டு. வேகமாக வளைத்தால் உள்பக்கச் சக்கரங்கள் தூக்கிக்கொண்டு வண்டி கவிழ்ந்துவிடுகிறது. அந்த மேட்டு வரிசையில் த்ராட்டிலைக் குறைக்காமல் போனால் பின்பக்கம் உதைத்து, வண்டி குறுக்கே திரும்பி நிற்கிறது.

ஷாக் ஆயில் கெட்டியாக இருந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று ஒருவர் சொன்னதால் நான்கு ஷாக்கிலும் இருந்த 30 வெயிட்டை (எண் கூடினால் ஆயில் கெட்டி) எடுத்துவிட்டு 60 ஊற்றினேன். இப்போது வண்டி மெதுவாகச் சாய்கிறது, ஆனால் கவிழ்வது நிற்கவில்லை. மேட்டு வரிசையில் முன்பைவிட மோசம். அடுத்து ஸ்பிரிங் மாற்றுவதா, ஸ்வே பார் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) வாங்குவதா?

நாலாம்வளைவு
ஸ்பிரிங்தான் ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். நாலு பக்கமும் ஒரு படி கெட்டியாகப் போடுங்கள். சாய்ந்தால்தானே கவிழும்? சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஷாக்டவர்
எதையும் வாங்கும் முன் சிலவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். பேட்டரியும் பாடியும் வைத்த நிலையில் சேசிஸின் அடிப்பகுதி தரையிலிருந்து எத்தனை மி.மீ. உயரத்தில் இருக்கிறது, முன்னும் பின்னும் தனித்தனியாக. ஷாக்குகளின் மேல் முனை டவரில் (சேசிஸில் நிற்கும் தகடு) எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது, கீழ் முனை ஆர்மில் (சக்கரத்தைத் தாங்கும் கை) எந்த ஓட்டை. டயர் புதிதா, தேய்ந்ததா.

இன்னொன்றுதான் முக்கியம். நான்கு ஷாக்கின் கீழ் முனையையும் ஆர்மிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு ஆர்மையும் சக்கரத்தோடு மேலே தூக்கி விட்டுவிடுங்கள். தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். விழாமல் பாதியில் நின்றால், அந்த மூலையில் ஆயிலும் ஸ்பிரிங்கும் என்ன மாற்றினாலும் வீண்.

புதுபேட்டரி
எனக்கும் இதே சிக்கல். ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன்.

புழுதிவண்டி
பார்த்துவிட்டேன். முன்னால் 34 மி.மீ., பின்னால் 38 மி.மீ. ஷாக்குகள் டவரில் எல்லாவற்றுக்கும் வெளிப்புற ஓட்டை, ஆர்மிலும் வெளி ஓட்டை. பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்தபடியே விட்டிருக்கிறேன். முன் டயர் புதிது, பின் டயர் பாதி தேய்ந்தது.

ஆர்ம் விஷயத்தில் நீங்கள் கேட்டது சரிதான். மூன்று ஆர்ம் விழுகின்றன. பின்வலது மட்டும் எங்கே வைத்தாலும் அங்கேயே நிற்கிறது! இத்தனைக்கும் கையால் அசைத்தால் கெட்டியாகத் தெரியவில்லை.

ஸ்பேனர்மாமா
தம்பி, அந்த மூலையில்தான் உட்கார வேண்டும். கை பலத்துக்கு அது கெட்டியாகத் தெரியாது. முழு டிரக்கே மூன்று கிலோவுக்குள்தான் இருக்கும், ஒரு சக்கரத்துக்கு வருவது அதில் கால் பங்கு. அந்த எடைக்கு அது பெரிய இடைஞ்சல்.

உள் ஹிஞ்ச் பின்னை, அதாவது ஆர்ம் எதைச் சுற்றி அசைகிறதோ அந்தக் கம்பியை, கழற்றி ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து விரலால் உருட்டிப் பார். நேரான பின் சத்தமில்லாமல் ஓடும். வளைந்தது டக் டக்கென்று துள்ளிக்கொண்டு போகும், கண்ணுக்குத் தெரியாத வளைவுகூட இதில் தெரிந்துவிடும். அடுத்து வெளி ஹிஞ்ச் பின்னையும் அப்படியே பார். இரண்டும் நேராக இருந்தால் கேம்பர் லிங்கின் (சக்கரத்தின் மேல்பக்கத்தைப் பிடித்திருக்கும் கம்பி) முனையைக் கழற்றிவிட்டு ஆர்மைத் தூக்கிப் போடு. அப்போது விழுந்தால் குற்றம் அந்த முனையில் உள்ள பால் கப்பில். கப்பை பால் மேல் வைத்தபடியே பிளையரால் பக்கவாட்டில் லேசாக ஒரு அமுக்கு, அரைச் சுற்று திருப்பி இன்னொரு அமுக்கு. தளர்ந்துவிடும்.

எக்காரணம் கொண்டும் ஹிஞ்ச் பின்னுக்கு எண்ணெய் போடாதே. ஓட்டும்போது புழுதி அதில் ஒட்டி மையாகி அரைக்க ஆரம்பிக்கும். எண்ணெய் படாத ஹிஞ்ச் பின்தான் நல்லது. ஆர்ம் ஓட்டையை டிரில் வைத்துப் பெரிதாக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது ஆட்டம் கொடுக்கும், டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொன்றாக இருக்கும்.

புழுதிவண்டி
மாமா, உள் ஹிஞ்ச் பின் வளைந்திருக்கிறது. கண்ணாடியில் உருட்டியதும் தெரிந்துவிட்டது. உதிரியாக இருந்த நேரான பின்னைப் போட்டேன், ஆர்ம் இப்போது பட்டென்று விழுகிறது.

யோசித்துப் பார்த்தால், இடப்பக்கம் திரும்பும்போதுதான் வண்டி அதிகம் கவிழும். வலப்பக்கம் திரும்பினால் பெரும்பாலும் தப்பித்துவிடும். தரையில்தான் ஏதோ சாய்வு இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஷாக்டவர்
பொருந்துகிறது. இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். பின்வலது ஆர்ம் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த மூலை அமுங்காமல் கட்டை மாதிரி தாங்கும். ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறு பக்கம் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும் வண்டியில் செட்டிங்கைத் தேடவே கூடாது. ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, ஒட்டுகிறது, அல்லது இடது வலது ஷாக் நீளம் வேறுபடுகிறது. காலிப்பரை எடுத்து நீட்டிய நிலையில் ஷாக்குகளின் நீளத்தை அளந்துவிடுங்கள். முன் ஜோடி ஒரே நீளம், பின் ஜோடி ஒரே நீளம். அரை மி.மீ. வித்தியாசம் இருந்தால்கூடக் கீழ் ராட் எண்டைத் திருகிச் சரிசெய்யலாம்.

அப்புறம் உயரம். 38 மி.மீ. ரொம்ப அதிகம். புல்லிலும் கல்லிலும் ஓட அந்த உயரம் சரி, இறுகிய மண்ணுக்கு வேண்டாம். பின்பக்கம் தூக்கியிருப்பதால் முன்னால் எடை சேர்ந்து, திருப்பியதும் முன் டயர் கடித்துவிடும். முதலில் 26, 27க்கு இறக்குங்கள், முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாக. ஒரு குத்துமதிப்பு வேண்டுமென்றால், பின் டிரைவ்ஷாஃப்ட்கள் தரைக்கு இணையாக நிற்கும் உயரம் நல்ல தொடக்கம். அளக்கும் முன் வண்டியைக் கொஞ்சம் தூக்கிப் போட்டுவிட்டு, முன்னும் பின்னும் உருட்டுங்கள். அப்போதுதான் சக்கரங்கள் தங்கள் இடத்தில் உட்காரும்.

நாலாம்வளைவு
ஹிஞ்ச் பின் வளைந்திருந்தது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கெட்டி ஸ்பிரிங் இல்லாமல் ஷார்ட் கோர்ஸ் டிரக் கவிழ்வதை நிறுத்த முடியாது. அந்த அகல பாடியும் உயரமும் வைத்துக்கொண்டு மென்மையான ஸ்பிரிங்கில் ஓட்டுவது விளையாட்டல்ல.

கணக்குவாத்தி
இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடலாம். வளைவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் எடையை முடிவு செய்வது மூன்றே மூன்று: வண்டியின் எடை சார்ந்த பக்கவாட்டு விசை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது டயர்களுக்கு இடையே உள்ள அகலம். ஸ்பிரிங் இதில் வரவே இல்லை. ஸ்பிரிங் கெட்டியானால் பாடி சாய்வது குறையும், மாறும் மொத்த எடை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

கவிழும் எல்லையை இப்படிப் பார்க்கலாம். டயர் நடுவிலிருந்து டயர் நடுவுக்கு அகலம் 250 மி.மீ., ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 90 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 250ஐ, உயரத்தின் இரு மடங்கான 180ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.39. தரையில் டயரின் பிடிப்புக் கெழு 1.39ஐத் தாண்டினால் வண்டி வழுக்குவதற்கு முன் கவிழும், அதற்குக் குறைவாக இருந்தால் வழுக்கிவிடும். இப்போது மையத்தை 10 மி.மீ. இறக்குங்கள். 250ஐ 160ஆல் வகுத்தால் 1.56. காசு செலவில்லாமல் கிடைத்த லாபம் இது. ஷாக்டவர் உயரத்தைக் குறைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

புழுதி தூவிய தரையில் கவிழாத வண்டி, இறுகி மெருகேறிய தரையில் கவிழ்வதும் இதே கணக்கு. தரை மாறுகிறது, வண்டியின் எண் மாறவில்லை.

நாலாம்வளைவு
வாத்தி சார், கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் டிராக்கில் முன்பக்கம் கெட்டியாக்கியதும் கவிழாமல் போகிற வண்டிகளை நான் கண்ணால் பார்க்கிறேனே?

கணக்குவாத்தி
பார்க்கலாம், தவறில்லை. மொத்தம் மாறாது என்றேன், பங்கீடு மாறும். முன்பக்கம் மட்டும் கெட்டியானால் மாறுகிற எடையில் பெரும்பங்கு முன் வெளிச் சக்கரத்துக்குப் போகும். ஒரே டயரில் எடை குவிந்தால் முன் ஜோடியின் மொத்தப் பிடிப்பு குறையும். வண்டி அவ்வளவு கூர்மையாகத் திரும்பாது, வெளியே தள்ளிக்கொண்டு போகும். கவிழும் எல்லையைத் தொடுவதற்கு முன்பே முன் டயர் வழுக்கிவிடுகிறது. உங்கள் வைத்தியம் வேலை செய்கிறது, ஆனால் நாலு பக்கமும் கெட்டியாக்கினால் அது நடக்காது. முன்னால் மட்டும் செய்தால்தான் உண்டு.

நாலாம்வளைவு
சரி, இது நியாயம். முன்னால் மட்டும். ஆனால் வளைவில் கொஞ்சம் மெதுவாகும், அதையும் சொல்லிவிடுங்கள்.

ஸ்பேனர்மாமா
மெதுவாக வளைந்து முடிக்கிற வண்டி, தலைகீழாகக் கிடக்கிற வண்டியை முந்திவிடும்.

புழுதிவண்டி
உயரத்தைக் குறைக்க ஷாக்கின் காலரை (ஸ்பிரிங்கின் மேல் முனையைத் தாங்கும் மரை வளையம்) மேலே சுற்றினேன், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஸ்பிரிங் மென்மையாகிவிடாதா? அந்தக் காலரை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஷாக்டவர்
ஆகாது. ஒரு மி.மீ. அமுக்க எவ்வளவு விசை தேவை என்பது கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை இவற்றால் வருகிறது. காலரை எங்கே வைத்தாலும் அது மாறாது. காலர் மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை மட்டும்தான். இறுக்கினால் வண்டி உயரும், ஷாக் கிட்டத்தட்ட முழுக்க நீண்ட நிலையில் நிற்கும், கீழ்நோக்கிப் போக இடமே இருக்காது. அதைத்தான் பலர் கெட்டியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

கீழ்நோக்கிய அந்தப் பயணம், அதாவது ட்ரூப், தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். சேசிஸைக் கையால் மெல்லத் தூக்குங்கள். டயர் தரையை விடும் வரை எத்தனை மி.மீ. உயர்ந்தது என்று பாருங்கள். ட்ரூப் நிறைய இருந்தால் மேடு பள்ளத்தில் டயர் தரையை விடாது. ஆனால் வளைவில் உள்பக்கம் உயரவும் அது இடம் கொடுக்கும். முன்னால் ட்ரூப்பைக் குறைத்தால் த்ராட்டில் கொடுக்கும்போது மூக்கு தூக்காது. பின்னால் குறைத்தால் பிரேக்கில் பின்பக்கம் எழும்பாது. குறைப்பதற்கு ஷாக்கைப் பிரித்து, பிஸ்டனுக்குக் கீழே ஷாஃப்டில் ஒரு சின்ன வளையம் போட்டால் போதும். 2 மி.மீ. வளையமே நன்றாகத் தெரியும்.

கல்லேறி
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் ஓட்டுவது கிராலர், கல்லில் மெதுவாக ஏறும் வண்டி. எங்கள் பக்கம் எல்லாம் தலைகீழ். ட்ரூப் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது, ஆயில் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், எடையை வேண்டுமென்றே முன் சக்கரத்துக்குள் பித்தளையாக வைப்போம். ஒரு சந்தேகம்: செங்குத்தான கல்லில் த்ராட்டில் கொடுத்தால் வண்டியின் ஒரு பக்கம் மட்டும் சாய்கிறது. அதுவும் ஆர்ம் ஒட்டுவதால்தானா?

ஷாக்டவர்
உங்கள் வண்டியில் ஆர்ம் ஏது, திட அச்சுதானே. டிரைவ்ஷாஃப்ட் அச்சைச் சுழற்ற முயலும்போது அதே முறுக்கு சேசிஸையும் எதிர்ப்பக்கம் திருப்பும். அதுதான் நீங்கள் பார்க்கும் சாய்வு. அமுங்கும் பக்கத்துப் பின் ஸ்பிரிங்கை ஒரு படி கெட்டியாக்கிப் பாருங்கள், அல்லது அந்தப் பக்கம் மட்டும் காலரைக் கொஞ்சம் இறுக்குங்கள். மீதியைத் தனி இழையில் பேசுவோம், இங்கே புழுதிவண்டி காத்திருக்கிறார்.

புழுதிவண்டி
காத்திருக்கவில்லை, ஓட்டிவிட்டு வந்தேன். உயரம் இரண்டு பக்கமும் 27. கவிழ்வது பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது, இடம் வலம் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. மேட்டு வரிசையில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. முதல் இரண்டு மேடுகளில் நன்றாகப் போகிறது, மூன்றாவதில் ஆரம்பிக்கிறது உதை.

ஸ்பேனர்மாமா
முதல் இரண்டில் நன்றாகப் போகிறது என்று நீயே பதிலைச் சொல்லிவிட்டாய் தம்பி. 60 ஆயில் ஊற்றிய ஷாக், அமுங்கிய பிறகு திரும்ப நீள நேரம் எடுக்கிறது. அது பாதி நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, மூன்றாவதில் சஸ்பென்ஷனே இல்லாமல் சேசிஸ் நேராக அடிவாங்குகிறது. உதைக்காமல் என்ன செய்யும்?

பின்பக்கத்தைக் கையால் தரை வரை அமுக்கி விட்டுப் பார். ஒரே மூச்சில் எழுந்து, மேலே துள்ளாமல் நிற்க வேண்டும். சோம்பலாக ஊர்ந்து எழுந்தால் ஆயில் கெட்டி. எழுந்து ஒரு ஆட்டம் ஆடி நின்றால் ஆயில் நீர்த்தது. அதேபோல் வண்டியைச் சமமாகப் பிடித்து ஓர் அடி உயரத்திலிருந்து போடு. சேசிஸ் தரையை லேசாகத் தொட்டு, மறுபடி எம்பாமல் அடங்க வேண்டும். ஆயிலை முடிவு செய்ய எனக்கு இந்த இரண்டு சோதனையும் போதும்.

நாலாம்வளைவு
மாமா சொல்வது சரி. பின்னால் 30க்கே திரும்புங்கள். முன்னால் 35 அல்லது 40. ஆனால் தாவி இறங்கும் இடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் பிஸ்டனையும் பார்க்க வேண்டும்.

கணக்குவாத்தி
வெயிட் எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு கம்பெனியின் 30 இன்னொரு கம்பெனியின் 30க்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பாட்டிலில் சென்டிஸ்டோக்ஸ் (பிசுக்கின் அலகு) அளவு எழுதியிருந்தால் அதையே நம்புங்கள். டீம் அசோசியேட்டட் கம்பெனியின் ஆயிலில் 30 என்றால் 350 சென்டிஸ்டோக்ஸ், 40 என்றால் 500, 60 என்றால் 800. நீங்கள் ஊற்றியது அந்த அளவுகோலில் இரண்டு மடங்குக்கும் மேல் பிசுக்கு. அவ்வளவு பெரிய தாவல் வேண்டாம். 50, 75 சென்டிஸ்டோக்ஸ் படியாகப் போனால் போதும். வெயில் ஏறினால் சிலிகான் ஆயில் நீர்க்கும், குளிரில் கெட்டியாகும் என்பதையும் மனத்தில் வையுங்கள். காலையில் சரியாக இருந்த வண்டி மதியம் துள்ளினால் பதற வேண்டாம்.

புழுதிவண்டி
ஒரு மேசை மேடு இருக்கிறது, தாவினால் சமதரையில் இறங்க வேண்டும். பிஸ்டன் என்ன செய்யும்?

நாலாம்வளைவு
பிஸ்டனில் இருக்கிற ஓட்டைகள் வழியாகத்தான் ஆயில் போக வேண்டும். மெதுவாக அமுங்கும்போது ஆயில் நிதானமாகப் போய்விடும். தாவி இறங்கும்போது ஷாஃப்ட் திடீரென்று உள்ளே பாயும். ஓட்டை சிறிதாக இருந்தால் ஆயில் சுழன்று திணறும், ஷாக் அந்த நொடிக்கு மட்டும் கல்லாகிவிடும். பெரிய தாவலுக்கு அது நல்லது, சேசிஸ் தரையில் அறையாது. சின்ன மேட்டு வரிசைக்கு அதுவே கெடுதல்.

ஆக, சின்ன ஓட்டையோடு நீர்த்த ஆயில், பெரிய ஓட்டையோடு கெட்டி ஆயில் என்று இரண்டு வழி. கையால் அமுக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஓட்டினால்தான் வித்தியாசம் தெரியும். உங்கள் தரைக்கு நான் பெரிய ஓட்டைப் பக்கம் நிற்பேன். ஆனால் இப்போது தொட வேண்டாம், முதலில் ஆயில்.

புதுபேட்டரி
ஷாக்கில் ஆயில் ஊற்றினால் எனக்கு எப்போதும் உள்ளே காற்று நின்றுவிடுகிறது. அமுக்கினால் சளக் சளக் என்று சத்தம். எப்படி ஊற்றுவது?

ஸ்பேனர்மாமா
இதைக் கேட்டது நல்லது, புழுதிவண்டியும் எப்படியும் ஆயில் மாற்றப் போகிறான்.

ஷாக்கைக் கழுவித் துடைத்த பிறகு ஷாஃப்டை முழுக்கக் கீழே இழுத்துவிட்டு நிமிர்த்திப் பிடி. முக்கால் அளவு ஆயில் ஊற்று. ஷாஃப்டை மெதுவாக, ரொம்ப மெதுவாக, மேலும் கீழும் நகர்த்து. பிஸ்டனுக்கு அடியில் சிக்கிய காற்று சின்ன முத்துகளாக மேலே வரும். பிஸ்டனை ஆயில் மட்டத்துக்கு மேலே கொண்டுவந்துவிடாதே, மறுபடி காற்றை இழுத்துக்கொள்ளும். அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு பத்து நிமிடம் வேறு வேலை பார். அவசரப்படுகிறவர்களின் ஷாக்கில்தான் அந்தச் சளக் சத்தம் வருகிறது.

குமிழ் எல்லாம் அடங்கியதும் ஷாஃப்டைக் கீழே இழுத்து, விளிம்பில் ஆயில் லேசாகப் பொங்கி நிற்கும்படி நிரப்பு. மேல் ரப்பர் உறையை ஒரு ஓரமாகச் சாய்த்து வைத்துப் படியவிடு, காற்று மறு ஓரமாக வெளியேறும். மூடியைக் கடைசிச் சுற்று இறுக்காமல் நிறுத்தி, ஷாஃப்டை மெல்ல உள்ளே தள்ளு. மிஞ்சிய ஆயில் மரை வழியாகக் கசியும். பிறகு இறுக்கு.

இடதும் வலதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு வழி. ஸ்பிரிங் இல்லாமல் இரண்டு ஷாக்கையும் எடுத்து, கீழ் முனையோடு கீழ் முனை முட்டும்படி எதிரெதிராகப் பிடித்து இரு கையாலும் நெருக்கு. இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் உள்ளே போக வேண்டும். ஒன்று முந்திக்கொண்டால் அதில் காற்று, இல்லை ஆயில் குறைவு. முழுக்க உள்ளே தள்ளிவிட்டு விட்டால் இரண்டும் ஒரே அளவு வெளியே வர வேண்டும். ஷாஃப்டில் கீறல் இருந்தால் ஓ-ரிங் எத்தனை புதிதானாலும் ஒழுகும், அந்த ஷாஃப்டைத் தூக்கிப் போடு.

புதுபேட்டரி
பத்து நிமிடம் காத்திருப்பதுதான் எனக்கு இல்லாமல் போயிற்று. நன்றி மாமா.

ஷாக்டவர்
ஆயில் மாற்றும்போதே இன்னொன்றும் செய்யலாம். பின் ஷாக்கின் மேல் முனையை டவரில் ஓர் ஓட்டை உள்ளே கொண்டுவாருங்கள். ஷாக் அதிகம் சாய்ந்து படுத்தால் ஆரம்ப அமுக்கத்தில் மென்மையாகவும், போகப் போகக் கெட்டியாகவும் நடந்துகொள்ளும். சின்ன மேடுகளுக்கு அது ஏற்றது. நிமிர்ந்து நிற்கிற ஷாக் ஆரம்பத்திலிருந்தே விறைப்பு. ஆர்ம் ஓட்டையை மாற்ற வேண்டாம். அங்கே உள்ளே போனால் நெம்புகோல் நீளம் குறைந்து மொத்தமுமே மென்மையாகிவிடும், உயரத்தையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஆனால் ஆயிலை மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் டவர் ஓட்டை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது உதவியது என்று தெரியாது.

புழுதிவண்டி
வரிசைப்படியே செய்தேன். பின் 30, முன் 40. மேட்டு வரிசையில் உதை போய்விட்டது என்றே சொல்லலாம், கடைசி மேட்டில் மட்டும் கொஞ்சம் தூக்குகிறது. அப்புறம் பின் டவரில் ஓர் ஓட்டை உள்ளே கொண்டுவந்தேன், அதுவும் அடங்கிவிட்டது. தாவி இறங்கும்போது சேசிஸ் ஒரு தட்டுத் தட்டுகிறது, பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவுதான்.

மீதி இருப்பது ஒரே ஒரு இடம். நேர்ப்பாதை முடிந்து வருகிற கூர்மையான வளைவு. அங்கே மட்டும் இன்னும் கவிழ்கிறது. இத்தனைக்கும் த்ராட்டிலை முழுக்க விட்டுவிட்டுத்தான் திருப்புகிறேன்.

நாலாம்வளைவு
த்ராட்டிலை முழுக்க விடுகிறீர்களா? இஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) டிராக் பிரேக், அதாவது த்ராட்டிலை விட்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக், எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

புழுதிவண்டி
பார்த்தேன், 20 சதவீதம்.

நாலாம்வளைவு
அங்கேதான் இருக்கிறது விஷயம். விரலை எடுத்ததும் மோட்டார் பின் சக்கரத்தைப் பிடிக்கிறது. எடை மொத்தமும் முன்னால் பாய்கிறது, அதே நொடியில் நீங்கள் திருப்புகிறீர்கள். முன் வெளிச் சக்கரம் தரையைக் கடித்துக்கொண்டு வண்டியைப் புரட்டிவிடுகிறது. டிராக் பிரேக்கை 5க்கு இறக்குங்கள், அல்லது பூஜ்யம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே போகும்போது லேசாக த்ராட்டில் தொட்டபடி இருங்கள். டிரான்ஸ்மிட்டரில் ஸ்டீயரிங் டியுவல் ரேட்டையும் (சக்கரம் அதிகபட்சம் திரும்பும் அளவு) கொஞ்சம் குறைக்கலாம். கவிழ்வதில் பாதி ஷாக்கில் இல்லை, விரலில் இருக்கிறது. கெட்டி ஸ்பிரிங் ஆள் இதைச் சொல்கிறானே என்று சிரிக்காதீர்கள்.

கணக்குவாத்தி
சிரிக்கவில்லை, பாராட்டுகிறேன்.

ஷாக்டவர்
அதோடு முன் டயர் புதிது, பின் டயர் தேய்ந்தது என்றீர்களே. டூ வீல் டிரைவ் வண்டிக்கு அது தலைகீழான ஜோடி. முன்னால் பிடிப்பு அதிகம், பின்னால் குறைவு. முன்னும் பின்னும் ரிம் ஒரே அளவாக இருந்தால் டயரை மட்டும் கழற்றி மாற்றிப் போடலாம். உங்கள் டிரக்கில் அது முடியுமா என்று பாருங்கள். பல ஷார்ட் கோர்ஸ் டிரக்குகளில் முன் பின் ரிம்முக்கு ஆஃப்செட் (ரிம் உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் அளவு) வேறு, சக்கரத்தோடு மாற்ற முடியாது.

முடியாவிட்டால் முன் டயரின் வெளிப்பக்கச் சுவரில் மெல்லிய சூப்பர் க்ளூவை ஒரு பூச்சாகத் தடவி நன்றாகக் காயவிடுங்கள். வண்டி சாயும்போது தரையைக் கடிப்பது அந்தச் சுவரும் ஓரத்துக் கட்டிகளும்தான். க்ளூ காய்ந்தால் அங்கே வழுவழுப்பாகிவிடும், கடிக்காமல் வழுக்கும். கார்பெட் தரையில் ஓட்டுபவர்கள் பலரும் இதைச் செய்கிறார்கள்.

புழுதிவண்டி
ஸ்வே பார் வாங்கவே வேண்டாமா?

ஷாக்டவர்
டிராக் பிரேக்கும் டயரும் முடிந்த பிறகும் கவிழ்ந்தால் முன்னால் மட்டும் ஒன்று போடலாம். பின்னால் போட்டால் பின் டயர் பிடிப்பு இழக்கும், மேட்டு வரிசையில் நீங்கள் சம்பாதித்ததெல்லாம் போய்விடும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது பார் மறு சக்கரத்தையும் இழுக்கும், ஞாபகம் இருக்கட்டும். மாட்டியதும் ஒரு ஆர்மைத் தூக்கி, எந்த உயரத்தில் மறு ஆர்ம் அசையத் தொடங்குகிறது என்று பாருங்கள், பிறகு மறு பக்கத்திலிருந்து அதேபோல. இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் இணைப்புக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும்.

ஸ்பேனர்மாமா
பாடியையும் மறந்துவிடாதீர்கள். ஷார்ட் கோர்ஸ் பாடி தாவும்போது அடியில் காற்றைப் பிடித்துக்கொண்டு பாராசூட் மாதிரி நிற்கும். பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஓட்டை வெட்டினால் காற்று வெளியேறும். ஓரத்தில் பிளவு விழாமல் இருக்க ஓட்டையின் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். பாடி போஸ்டில் கிளிப்பை ஓர் ஓட்டை இறக்கினால் அந்த எடையும் கீழே வரும். டயர் உரசாத அளவுக்கு இறக்கலாம்.

புழுதிவண்டி
டிராக் பிரேக் இப்போது 5. டயரை ரிம்மிலிருந்து எடுக்க முடியவில்லை, ஒட்டியிருக்கிறது. அதனால் முன் டயருக்குச் சுவரில் க்ளூ பூசினேன், பின்னால் புதுச் சக்கர ஜோடி போட்டேன். பாடியை ஓர் ஓட்டை இறக்கியாயிற்று. அந்தக் கூர்மையான வளைவில் இப்போது உள்பக்கம் லேசாகத் தூக்குகிறது, பிறகு முன்பக்கம் வழுக்கி வண்டி அகலமாகப் போகிறது. கவிழவில்லை. நாலாம்வளைவு சொன்னதுபோல வளைவில் கொஞ்சம் மெதுதான், த்ராட்டிலைச் சீக்கிரம் கொடுக்க முடிவதால் வெளியே வரும்போது ஈடாகிவிடுகிறது.

கணக்குவாத்தி
பின்னால் புது டயர் போட்ட பிறகு உயரத்தை அளந்தீர்களா? தேய்ந்த டயருக்கும் புது டயருக்கும் விட்டம் வேறு. டயர் உயர்ந்தால் சேசிஸும் சேர்ந்து உயர்ந்திருக்கும்.

புழுதிவண்டி
இப்போதுதான் அளந்தேன் சார். பின்னால் 29 காட்டுகிறது. காலரை மேலே சுற்றி 27க்குக் கொண்டுவந்துவிட்டேன், இரண்டு பக்கமும் காலருக்கு மேலே தெரியும் மரையைக் காலிப்பரில் சமமாக்கியாயிற்று. ஸ்வே பாரை இப்போதைக்கு வாங்கவில்லை.